மறு: மறு: நுழைவு வளைவு நன்கொடை - கூடவே அவில்தார் மாமா விஷயம்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் நுழைவு வளைவுக்குச் சங்கம் கேட்கிற நன்கொடையைத் தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவின் கல்லில் பெயர் வரப்போகிற அவில்தார் மாமாவுக்கு டிசம்பரிலிருந்து பென்ஷன் வரவில்லை, உங்களில் யாருக்காவது தெரியுமா? அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது அத்தை கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கியதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மாமா வாயே திறக்கவில்லை.

முன்பெல்லாம் நவம்பரில் பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளம்தான், ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்ச்சான்று வருஷாவருஷம் அதில் ஏறாவிட்டால் பணம் நின்றுவிடும். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாமாவின் விரல் ரேகை பதியவில்லை, அப்புறம் வாங்க என்றார்களாம், இவரும் திரும்பிப் போகவில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதியலாம், திண்ணையில் உட்கார வைத்து என் போனிலேயே முடித்தேன். மற்ற பட்டாளத்து வீடுகளும் கவனியுங்கள், பென்ஷன் தருவது யார் என்ற கட்டத்தில் பழைய பேங்க் பெயரைப் போடாதீர்கள், ஸ்பர்ஷ் என்று போடுங்கள். நின்றுபோன மாதங்களின் பாக்கியும் சேர்ந்து வரும். சரி, அது முடிந்தது.

முடியாதது இன்னொன்று. டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவிலும் மனைவி பெயர் ஒன்று, அத்தையின் ஆதாரில் வேறு. கல்யாணத்துக்குப் பிறகு, குடும்ப விவரத்தைப் பட்டாளப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டருக்கு எழுதிக் கொடுத்தபோது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார் மாமா. அவர் இருக்கும்வரை பாதகமில்லை. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் குடும்ப பென்ஷனுக்கு அத்தைதான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். மாமா கையெழுத்துப் போடும்போதே அஃபிடவிட்டோடு, அவர் ரெஜிமெண்டின் பதிவேடுகள் இருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்பித் திருத்திவிட வேண்டும். இதற்குப் பெரிய பணம் ஒன்றும் வேண்டாம், வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் வர ஒரு ஆள் வேண்டும். மகன் இருந்திருந்தால் நான் இங்கே கேட்டிருக்க மாட்டேன்.

ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்) அரியர்ஸ் வந்ததே, அது எங்கே என்று கேட்டிருக்கிற குவைத் அண்ணனுக்கு: மகனின் டயாலிசிஸுக்குப் போனது. மேலும் அது மாமாவின் பணம், சங்கத்துப் பணம் இல்லை. 1974-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1996-இல் வெளியே வந்தவர், வந்த பிறகும் மகளின் நர்சிங் படிப்புக்காக ஏ.டி.எம். வாசலில் ராத்திரி காவல் நின்றவர்.

மாமா யாழ்ப்பாணம் போனதைச் சொல்லிக் கோபப்பட்டிருக்கிற கனடா மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. மாமா 1987-இல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனது கேட்டு வாங்கிய போஸ்டிங் இல்லை. உங்கள் வீட்டுக் கோபம் எனக்குப் புரிகிறது, அதை அவர் மேல் இறக்காதீர்கள். அமைதிப் படை 1990-இல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சரே வரவேற்கப் போகவில்லை. அந்த வருஷம் லீவில் வந்தவர் எங்கே இருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்பும் எங்களுக்கு எங்கே தெரியும்? இன்லண்ட் லெட்டரில் எப்போதும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிதான் இருக்கும், பனிமலையா பாலைவனமா ஒன்றும் தெரியாது. அத்தைக்கு அதை வாசித்துக் காட்டுவது என் வேலை, பாதிக்கு மேல் மாட்டைப் பற்றித்தான் எழுதியிருப்பார்.

- மஸ்கட்டிலிருந்து, கீழத்தெரு

*

தங்கச்சி, ஆதங்கம் சரி. ஆனால் இதை மடற்குழுவில் போட்டது தப்பு. கடன் அரிசி என்று உலகம் முழுக்க எழுதினால் அந்த மனுஷன் நாளைக்கு டீக்கடைப் பக்கம் எப்படிப் போவார்? என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வளைவு வேலை நிற்காது, சிற்பிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

- சிங்கப்பூர்

*

எவ்வளவு முன்பணம்? ரசீது எங்கே? கமிட்டியில் யார் ஒப்புதல் கொடுத்தது? தண்ணீர்த் தொட்டிக் கணக்கே இன்னும் வரவில்லை. டயாலிசிஸ் விஷயம் எனக்குத் தெரியாது, அதை விடுங்கள். ரசீதை ஸ்கேன் பண்ணிப் போடுங்கள்.

- குவைத்

*

அக்கா, என் தம்பி காட்பாடியில்தான் இருக்கிறான், திங்கட்கிழமை லீவு போடச் சொல்லியிருக்கிறேன். அத்தையின் ஆதார், டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாமாவிடம் என் அப்பா பெயரை மட்டும் சொல்லாதீர்கள், வண்டியில் ஏற மாட்டார்.

- தோஹா