எராஸ்மஸின் மடமைப் புகழுரை: இரண்டு சொற்களுக்கு உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். 1509-இல் லண்டனில் தம் நண்பரும் ஆங்கில அறிஞருமான தாமஸ் மோரின் வீட்டில் தங்கியிருந்தபோது டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதி, 1511-இல் பாரிசில் அச்சேறிய இலத்தீன் அங்கத நூலின் சில பகுதிகளைத் தமிழாக்கி வருகிறேன். இரண்டு சொற்களில் வந்து சிக்கிக்கொண்டேன்.

முதலாவது, மேடையேறித் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் பெண்ணின் பெயர். கிரேக்கத்தில் அவள் ‘மோரியா’, அதாவது முட்டாள்தனம். நண்பர் மோரின் பெயரோடு விளையாடும் அந்தச் சிலேடை தமிழில் எப்படியும் கைநழுவிப் போகிறது. ‘பேதைமை’ என்றால் குறளின் அதிகாரம் நினைவுக்கு வந்து தொனி கடுமையாகிவிடுகிறது. ‘மடமை’ என்றாலோ துறவியர் வாழும் ‘மடம்’ பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மூலத்தில் இல்லாத இந்தச் சிலேடையை, துறவியரை அவள் வாரும் பகுதிக்காக ஏற்றுக்கொள்ளலாமா, அல்லது அது மொழிபெயர்ப்பாளரின் அதிகப்பிரசங்கித்தனமா?

இரண்டாவது சிக்கலும் அந்தப் பகுதியில்தான். இரண்டு சோடிக் கையுறைகளை மாட்டிக்கொள்ளாமல் 60 ஆண்டுகளாகப் பணத்தைத் தொட்டதே இல்லை என்று ஒருவர் இறுதித் தீர்ப்பு நாளில் பெருமை பேசுவார் என்கிறாள் மோரியா (இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்). அதற்குச் சற்று முன், ‘தனித்திருப்பவர்’ என்னும் வேர்ப்பொருள் கொண்ட பெயரை (துறவியைக் குறிக்கும் ‘மொனாகுஸ்’ என்ற இலத்தீன் சொல்) சுமப்பவர்களே எங்கு போனாலும் எதிர்ப்படுகிறார்கள் எனக் குத்துகிறாள். ‘துறவி’ என்று எழுதினால் அந்தத் தனிமைப் பொருளோடு நகைச்சுவையும் போய்விடுகிறது. ‘ஏகாந்தி’ என்று போட்டால் கத்தோலிக்கத் துறவி என்பது புரியுமா? கிறிஸ்தவ நூல்களை மொழிபெயர்த்துப் பழகியவர்கள், தாங்கள் ஆளும் சொல்லை ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.