அப்பா முடைந்த ஓலைச் சிலுவை

புதன்கிழமை சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். போன வருடக் குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுக்கும்படி ஞாயிறு பூசையில் அறிவித்திருந்தார்கள். அவற்றை எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பலை எடுப்பார்கள்.

எங்கள் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஓர் ஓலைச் சிலுவை இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறன்று ஓலை ஏந்திப் போகும் குருத்தோலைப் பவனி முடிந்து வந்ததும் அப்பா முடைந்து செருகியது. ஒவ்வொரு வருடமும் அவரே செருகுவார், அவரே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பார். இந்த முறை நான் எடுத்தேன். அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது.

சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பிருக்கும் கடமை 59 வயது வரைதான். அப்பா 71 வயதிலும் விடவில்லை. காலண்டரில் ஞாயிறுகளை விட்டுவிட்டு 1, 2, 3 என்று பென்சிலால் எண் போடுவார். ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமையன்று சரியாக 40 வரும்.

சாம்பல் பூசும்போது சொல்லும், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற சொற்களைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன், அவ்வளவுதான். அப்பாவின் குழியில் ஒரு பிடி மண் போட்டபோதுதான் அது காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஒரே கேள்வி: நான் எதற்காக இப்படி ஓடிக்கொண்டிருக்கிறேன்?

அப்பாவின் கடைசி நாட்கள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகின்றன. பேசவே சிரமப்பட்டார். அப்போதும், "பக்கத்து வீட்டம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தியா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு யாரும் இல்லை. மாதாமாதம் அப்பாதான் வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை. இப்போது நான் வாங்கிக் கொடுக்கிறேன். போனால் பத்து நிமிடம் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசுகிறோம். என் கேள்விக்கு இதுதான் பதிலா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அந்தக் கேள்வி வருவதில்லை.

நேற்று ஓலையைக் கொண்டுபோனேன். உபதேசியார் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா முடைஞ்சதாச்சே, வீட்டுலயே வச்சுக்கலாமே" என்றார். கை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் கூடையில் மற்ற ஓலைகளோடு போட்டுவிட்டேன். அப்பா இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

புதன்கிழமை காலைப் பூசைக்கு அம்மாவும் வருகிறார். அப்பா போன பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவது இதுதான் முதல் முறை.