உடலின் இதத்தைக் கவனிப்பதற்கு ஒரு சொல்: ‘உற்றுணர்தல்’ பொருந்துமா?

வணக்கம்.

உடல்நலக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரே ஒரு சொல்லில் பத்து நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பயிற்சி மிக எளிது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையின் விரல்களால் மறு கையின் முன்கையை மெல்ல வருட வேண்டும். எந்த இடம் இதமாக இருக்கிறது, எங்கே கூசுகிறது, எங்கே ஒன்றுமே தெரியவில்லை என்று கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த வகைப் பயிற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு: மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவர் 1970இல் வெளியிட்ட நூலில் தம்பதியருக்காக விவரித்த ‘சென்சேட் ஃபோகஸ்’ என்ற தொடுகைப் பயிற்சி. அதன் முதல் கட்டத்தில் உடலுறவுக்கும் பாலுறுப்புகளைத் தொடுவதற்கும் தடை. எதையும் சாதித்துக் காட்ட வேண்டாம் என்றானதும் பதற்றம் தணியும், கவனம் தொடுகையின் மேல் திரும்பும் என்பது அவர்கள் கணக்கு.

இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘சிற்றின்பம்’ ஆகாது, பெயரிலேயே சிறுமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘புலனின்பம்’ என்றால் அடுத்து ‘அடக்கு’ வரும் என்று காது காத்திருக்கிறது. ‘உடல் விழிப்புணர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். பேரணியும் பதாகையும்தான் கண்முன் வந்தன. ‘மெய்யுணர்தல்’ அழகாக இருந்தது. ஆனால் அது குறளின் 36ஆம் அதிகாரம். அங்கே மெய் என்பது உடல் அல்ல, உண்மை. உடம்பின் சுகத்தைத் தேடி வந்தவரைத் துறவறவியலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

\*

> இதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

மருத்துவராக ஒன்று சொல்கிறேன். பெயர் வைக்குமுன் தோலையும் கொஞ்சம் கேட்போம். மூளைக்கு அது ஒரே வகைச் செய்தி அனுப்புவதில்லை. என்ன பட்டது, எங்கே பட்டது என்பதைத் தடித்த நரம்பிழைகள் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் சொல்லிவிடும். மயிருள்ள தோலில் வேறு சில மெல்லிய இழைகளும் உள்ளன, ‘சி-டேக்டைல்’ என்போம். அவற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் மெதுவான வருடலுக்கு, அதுவும் வருடும் கை தோலின் வெப்பத்தில் இருந்தால், அவை நன்றாக எதிர்வினை காட்டுகின்றன. அவை அனுப்பும் செய்தி மூளையின் ‘இன்சுலா’ பகுதிக்குப் போகிறது. பசி, தாகம், இதயத் துடிப்பு பற்றிய செய்திகள் வந்து சேர்வதும் அங்கேதான். ஆக, ‘என்ன பட்டது’ வேறு, ‘எப்படி இருக்கிறது’ வேறு. ‘தொடுவுணர்வு’ என்ற சொல் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

இப்படி உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளை உணர்வதற்கு ஆங்கிலத்தில் ‘இன்டெரோசெப்ஷன்’ என்று பெயர். அதை ‘உள்ளுணர்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். “என் உள்ளுணர்வு சொல்கிறது” என்பவரை யாரும் கழிப்பறைக்கு வழி காட்டி அனுப்புவதில்லை.

இன்னொன்று. சொல்லுக்குள் இன்பத்தைக் கட்டிப்போட வேண்டாம். நாள்பட்ட வலி உள்ளவர், தொடுகையால் காயப்பட்டவர் போன்றோருக்கு உடலைக் கவனிப்பது முதலில் கலக்கத்தைக்கூடத் தரலாம். ‘இன்பப் பயிற்சி’ என்று பெயர் வைத்தால், இன்பம் வராதவர் தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

\*

> சொல்லுக்குள் இன்பத்தைக் கட்டிப்போட வேண்டாம்

சரி டாக்டர், ஏற்கிறேன். அப்படியானால் என் முன்மொழிவு ‘உற்றுணர்தல்’.

தொல்காப்பிய மரபியல் ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்கிறது. ஓரறிவு உயிருக்கும் உள்ள அறிவு தொட்டு அறிவதுதான். புல்லும் மரமும் அந்த வரிசையில் வருகின்றன. ‘கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும்’ என்று குறளும் தொடுகைக்கு இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இன்றைய பேச்சில் ‘உற்றுப் பார்’, ‘உற்றுக் கேள்’ என்றால் ஊன்றிக் கவனி என்று பொருள். பழைய ‘உற்று’ தொடுகையைச் சொல்கிறது, இன்றைய ‘உற்று’ கவனத்தைச் சொல்கிறது. நமக்கு வேண்டியவை இரண்டும்தானே! ‘உற்றறிதல்’ என்றே வைக்கலாம்தான். ஆனால் டாக்டர் பிரித்துக் காட்டிய ‘எப்படி இருக்கிறது’ என்பதற்கு ‘உணர்தல்’தான் பொருந்துகிறது. இன்பம், வலி, மரத்துப்போன இடம் எல்லாமே இதில் அடங்கும்.

\*

> என் முன்மொழிவு ‘உற்றுணர்தல்’

நன்றாக இருக்கிறது தம்பி. ஒரு சங்கடம்தான். ‘உய்த்துணர்தல்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகிப்பது. வேகமாகப் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். ‘உடலின்பம்’ என்றே துணிந்து எழுதினால் என்ன? ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்று வள்ளுவர் குழந்தையைத் தொடுவதைத்தானே சொன்னார்? அந்தச் சொல்லைப் படுக்கையறைக்குள் பூட்டியது நாம்தான்.

\*

> இரண்டையும் குழப்பிக்கொள்வார்

ஐயா, இதைப் படித்ததும் முதலில் சோர்ந்துபோனேன். அப்புறம் யோசித்தால், அந்தக் குழப்பமே எனக்கு ஒரு பாடத்தை எழுதிக் கொடுத்துவிட்டது. “மணி பன்னிரண்டுதான், பசித்திருக்காது” என்பது உய்த்துணர்தல். வயிற்றைக் கவனித்துவிட்டுப் பசிக்கிறது என்பது உற்றுணர்தல். “எட்டு மணி நேரம் தூங்கினேன், களைப்பு இருக்க வாய்ப்பில்லை” என்பவர் தன் உடலைக் கடிகாரத்திடம் விசாரிக்கிறார். நான் அப்படித்தான் வாழ்கிறேன். பயிற்சியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதுதான். இரண்டு சொற்களையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அச்சிடப் போகிறேன்.

உடலின்பத்தை மீட்க எனக்கும் ஆசைதான், ஆனால் ஒரு கையேட்டால் அது ஆகாது. கிடைக்கும் சுகத்துக்கு ‘இதம்’ என்று வைக்கிறேன். வடமொழி வழி வந்தது என்று யாராவது கிளம்பும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மூலத்தில் அதற்கு நன்மை என்று பொருள். சுகமும் நலமும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது நான் விடமாட்டேன்.

கடைசியாக ஏவலில் வைத்துப் பார்த்தேன். “உடல்சார் புலன் விழிப்புணர்வுப் பயிற்சியை மேற்கொள்க” என்றால் உடம்பு விறைத்துக்கொள்கிறது. “கையை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். ஒரு நிமிடம் உற்றுணருங்கள்” என்பதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். கேட்டவர் பொருள் கேட்கவில்லை, கையை நீட்டினார்.

‘இன்டெரோசெப்ஷன்’ இன்னும் பாக்கி. ‘உட்புலன்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.