மறு: "வெப்பநிலை மாற்றம்" வேணாம், "அளவுபெயர்ப்பு"ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

அளவு மாத்திக் காட்டற நம்ம ஆப்ப தமிழாக்கறப்ப, செல்சியஸ ஃபாரன்ஹீட்ல சொல்ற பட்டனுக்கு என்ன பேர் வைக்கலாம்னு நடக்கற இந்த இழைய மூணு நாளா படிச்சிட்டுதான் இருக்கேன், கோத்தகிரி பக்கம் விடாம மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு, அதான் பதில் போட லேட் ஆயிடுச்சு.

> மெனுவுல "வெப்பநிலை மாற்றம்"னே வச்சிடலாம், எல்லாருக்கும் புரியும்

ஐயா, புரியும்தான், ஆனா வேற ஒண்ணு புரியும். "காலநிலை மாற்றம்"ன்னு தினமும் பேப்பர்ல படிக்கிற ஒருத்தர் "வெப்பநிலை மாற்றம்"னு பாத்தா சூடு ஏறிச்சு இறங்கிச்சுன்னுதான் எடுத்துப்பார். இங்க சூடு ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, அதே சூட்ட செல்சியஸ்ல சொன்னத ஃபாரன்ஹீட்ல சொல்றோம், அவ்வளவுதான். மாறாத ஒண்ணுக்கு மாற்றம்னு பேர் வைக்கிறது எனக்கு ஒப்பல. "உருமாற்றம்"னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது புழு பட்டாம்பூச்சி ஆகறதுக்கு சரி. "மாற்றீடு"ன்னா ஒண்ண எடுத்துட்டு வேறொண்ண வைக்கிறது, அதுவும் இங்க பொருந்தல.

"அலகு மாற்றம்"னு சொன்னவங்களுக்கு கொஞ்சம் விவரமா எழுதணும், ஏன்னா சிக்கலே அங்கதான் இருக்கு. கிலோவ ராத்தல் ஆக்கறோம், கிலோமீட்டர மைல் ஆக்கறோம், ஒரே ஒரு பெருக்கல்ல முடிஞ்சிடும், ஏன்னா ஒண்ணுமே இல்லைன்னா ரெண்டுலயும் பூஜ்ஜியம்தான். டெம்பரேச்சர்ல அப்படி இல்ல. ஃபாரன்ஹீட் 1724-ல எழுதி வச்சப்போ ஐஸ், தண்ணி, நவச்சாரம் கலந்த கலவையோட குளிர பூஜ்ஜியம்னு வச்சுகிட்டார், வெறும் ஐஸும் தண்ணியும் கலந்தது 32-ல வந்து நின்னுச்சு. செல்சியஸ் 1742-ல தலைகீழா வச்சார், தண்ணி கொதிக்கிறது 0, உறையறது 100, அவருக்கு அப்புறம்தான் அத திருப்பிப் போட்டாங்க. அப்ப ஒரு அளவுகோல்னா அதுல ரெண்டு விஷயம் இருக்கு, சுழிய, அதாவது பூஜ்ஜியத்த எங்க நட்டிருக்காங்க, ஒரு படி, அதாவது ஒரு டிகிரி எவ்வளவு உயரம். எடையில சுழி எல்லாருக்கும் ஒண்ணு, படி மட்டும் வேற. டெம்பரேச்சர்ல ரெண்டுமே வேற. நாம வைக்கிற கலைச்சொல் இந்த ரெண்டையும் பிரிச்சு காட்டலைன்னா தப்பு நடந்துகிட்டேதான் இருக்கும்.

நடந்ததையே சொல்றேன். நான் முன்ன வேலை பாத்த டீ ஃபேக்டரியில கொழுந்து வாட்டற ட்ரஃப், அதாவது நீளத் தொட்டி பக்கத்துல ட்ரை பல்ப், வெட் பல்ப்னு ரெண்டு தெர்மாமீட்டர் தொங்கும், ஒண்ணு சும்மா இருக்கும், இன்னொண்ணோட நுனியில ஈரத்துணி சுத்தியிருக்கும், ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்துதான் காத்துல ஈரம் எவ்வளவு இருக்குன்னு கணக்கு பண்ணுவோம், ஈரம் ஜாஸ்தின்னா வித்தியாசம் குறையும், அப்ப சூடு காத்து குடுக்கணும். செவுத்துல பழைய சார்ட் ஒண்ணு, அதுல வித்தியாசம் 8-ன்னு மட்டும் எழுதியிருக்கும், அது ஃபாரன்ஹீட் காலத்து சார்ட். ஒரு மழைக்காலத்துல பழைய தெர்மாமீட்டர் உடைஞ்சு செல்சியஸ் வந்துச்சு. புதுசா சேர்ந்த தம்பி ஒழுங்கா யோசிச்சு 8-அ செல்சியஸ் ஆக்கலாம்னு போன்ல தட்டினா மைனஸ் 13.3-ன்னு வருது. இது என்ன கூத்துன்னு நெனச்சு 8-அயே செல்சியஸா வச்சுகிட்டு சூடு காத்த ஏத்தி விட்டுட்டான், விறகும் போச்சு, கொழுந்து வேகமா காஞ்சு ஓரமெல்லாம் மொறுமொறுன்னு ஆயிடுச்சு. வரவேண்டிய கணக்கு 4.4. 8-ங்கறது ஒரு இடம் இல்ல, ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்கற தூரம், அதுக்கு 32-அ கழிக்கவே கூடாது. தம்பி மேல தப்பு சொல்ல மாட்டேன். அவன் கையில இருந்த ஆப்புல ஒரே ஒரு பட்டன்தான் இருந்துச்சு, ஒரே ஒரு பேர்தான் இருந்துச்சு.

அதனாலதான் ரெண்டு சொல் கேக்கறேன்.

முதல் சொல், அளவுபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு மாதிரிதான். சொல்ற சேதி அதே, சொல்ற மொழி வேற. 37 செல்சியஸும் 98.6 ஃபாரன்ஹீட்டும் ஒரே உடம்புச் சூடு. இதுல சுழியும் நகரும், படியும் மாறும்.

ரெண்டாவது, படிபெயர்ப்பு. வித்தியாசத்த மட்டும் ஒரு அளவுல இருந்து இன்னொண்ணுக்கு கொண்டு போறது. சுழியத் தொடவே கூடாது, படிய மட்டும் பெயர்க்கணும்.

கொடைக்கானல் அக்கா எழுதினது இதுக்கு ரொம்ப நல்ல உதாரணம், அங்க வெளிய குளிர சொல்றப்ப 8 டிகிரின்னு செல்சியஸ்ல சொல்றோம், வீட்டுக்குள்ள வந்து பிள்ளைக்கு காய்ச்சல் பாத்தா நூத்தி ரெண்டுன்னு ஃபாரன்ஹீட்ல சொல்றோம், ஒரே வாய்தான் ரெண்டும் சொல்லுதுன்னு. ஆமா அக்கா, 102 காய்ச்சல் 100-க்கு வந்தா ரெண்டு டிகிரி இறங்கிடுச்சுன்னு சொல்றோமே, அந்த ரெண்டு செல்சியஸ்ல 1.1 தான். அது படிபெயர்ப்பு. 102-ங்கறது 38.9-ன்னு சொன்னா அது அளவுபெயர்ப்பு.

நம்ம மலையிலயே இன்னொண்ணு இருக்கு. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர், சராசரியா ஒரு கிலோமீட்டர் ஏறினா 6.5 டிகிரி குறையும்னு வச்சா கிட்டத்தட்ட 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வருது. இத வெளிநாட்டுல இருந்து வர்ற ஒருத்தருக்கு ஃபாரன்ஹீட்ல சொல்லணும்னா 21.6 குறையும்னு சொல்லணும். சும்மா ஆப்புல 12-அ போட்டா 53.6-ன்னு வரும், அத நம்பி ஒருத்தர் பொட்டி கட்டினா எதுக்கு தயாராகி வருவார்னு யோசிச்சு பாருங்க. பூமி 1.5 டிகிரி சூடாகறத பத்தி எழுதறப்பவும் இதே கதைதான், அது ஃபாரன்ஹீட்ல 2.7, 34.7 இல்ல.

மனக்கணக்குக்கு எங்கப்பா சொல்லிக் குடுத்த வழியும் இந்த ரெண்டு சொல்லுக்கு சரியா பொருந்துது. செல்சியஸ ரெட்டிப்பாக்கு, அதுல பத்துல ஒண்ண கழி, அப்புறம் 32 கூட்டு. 25-ன்னா 50, அதுல 5 போனா 45, 32 சேத்தா 77. வித்தியாசத்துக்கு 45-லயே நின்னுடணும். 45-ல நின்னா படிபெயர்ப்பு, 77 வரைக்கும் போனா அளவுபெயர்ப்பு, பசங்களுக்கு இப்படி சொன்னா உடனே பிடிச்சுக்கறாங்க.

> பெயர்ப்புன்னா பேத்து எடுக்கற மாதிரி இருக்கு, காதுக்கு கரடுமுரடா இருக்கு

எனக்கு அது குறையா தெரியல. நர்சரியில வளத்த தேயிலை நாத்த பெயர்த்துதான் தோட்டத்துல நடறோம், செடி அதே செடி, நிக்கற மண்ணுதான் வேற. "நிலைபெயர்ப்பு"ன்னு வைக்கலாமான்னு நானே முதல்ல யோசிச்சேன், ஆனா நிலைபெயர்தல்னா இருந்த இடத்த விட்டு நகர்றதுன்னு ஏற்கனவே பழைய பொருள் இருக்கு, குழப்பம் வரும்னு விட்டுட்டேன்.

கெல்வின்னு இன்னொரு டெம்பரேச்சர் அளவு இருக்கே, அது பத்தி கேட்டிருந்தீங்க. செல்சியஸ்ல இருந்து கெல்வினுக்கு 273.15 கூட்டினா போதும், படி ரெண்டுக்கும் ஒரே உயரம், அதனால வித்தியாசம் அப்படியே நிக்கும், படிபெயர்ப்பே தேவையில்ல. இன்னொண்ணு, 1967-ல இருந்து கெல்வினுக்கு டிகிரி போடறதில்ல, அதனால "பாகை கெல்வின்"னு (பாகைன்னா டிகிரிதான்) மொழிக்கோப்புல, அதாவது ஆப்போட தமிழ்ச் சொல் எல்லாம் இருக்கற ஃபைல்ல இருக்கறத தயவுசெஞ்சு எடுத்துடுங்க. செல்சியஸுக்கு பாகையா டிகிரியாங்கற சண்டைக்கு நான் வரல, பள்ளிக்கூட புத்தகத்துல டிகிரின்னு இருக்கு, பிள்ளைங்க படிக்கறதே இருக்கட்டும்.

"வெப்பநிலை வேறுபாடு" நல்லா பழகின சொல், அத தொடவேண்டாம். ஆப்புல ரெண்டு பட்டன் வரணும்கறதுதான் என் கோரிக்கை, "அளவுபெயர்ப்பு" ஒண்ணு, அதுக்கு கீழ "வேறுபாட்டுக்கு மட்டும்: படிபெயர்ப்பு" ஒண்ணு. நிரல் எழுதற தம்பிகிட்ட கேட்டேன், ரெண்டாவது பட்டன் வைக்கறது பெரிய வேலை இல்லைன்னு சொல்லிட்டார்.

சந்தி தெரிஞ்சவங்க ஒண்ணு மட்டும் பாத்து சொல்லுங்க. மொழிய பெயர்க்கறதுங்கறதால மொழிபெயர்ப்புல ப் மிகல, அதே மாதிரி அளவ பெயர்க்கறது, படிய பெயர்க்கறதுன்னு எடுத்துகிட்டுதான் நானும் ப் போடாம எழுதியிருக்கேன். சரிதானா? ஞாயித்துக்கிழமை ராத்திரி மொழிக்கோப்ப அனுப்பணும், அதுக்குள்ள சொன்னா திருத்திடறேன்.

கோத்தகிரியிலிருந்து