பழைய ட்ரையாங் ஹார்ன்பி என்ஜின்: உப்புக்காற்றில் கெட்ட மோட்டாரைச் சரிசெய்து டிசிசிக்கு மாற்றலாமா?

கீழக்கரைவாசி

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். என் வாப்பா சிங்கப்பூரில் கடை வேலையில் இருந்தபோது வாங்கி அனுப்பிய பொம்மை ரயில் ஒன்று, பரணைச் சுத்தம் செய்யும்போது பெட்டியோடு கிடைத்தது. பெட்டியின் மேல் ட்ரையாங் ஹார்ன்பி என்று அச்சிட்டிருக்கிறது. டெண்டருடன் (நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் பின்வண்டி) கூடிய நீராவி என்ஜின், சில பயணிகள் பெட்டிகள், துருப்பிடித்த இரும்புத் தண்டவாளத் துண்டுகள், சுவர் மின்சாரத்தில் செருகும் ஒரு பவர் பேக் ஆகியவை உள்ளே இருந்தன.

பவர் பேக்கைச் செருகியதும் அழுகிய முள்ளங்கி போன்ற ஒரு வாடை வந்ததால் உடனே பிடுங்கிவிட்டேன். பிறகு 12 வோல்ட் அடாப்டர் ஒன்றின் இரு கம்பிகளைச் சக்கரங்களில் தொட்டுப் பார்த்தபோது, மோட்டார் முனகிக்கொண்டு சூடேறியதே தவிரச் சுற்றவில்லை. விரலால் சற்றுத் தள்ளிவிட்டால் சில வேளைகளில் ஓடுகிறது. அப்போதும், சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டான பிரஷ் இருக்கும் இடத்தில் நீலப்பொறி பறக்கிறது. மோட்டாரின் செப்புப் பாகங்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. எங்கள் வீடு கடற்கரையை ஒட்டியது. டிவி ரிமோட்டில் பேட்டரி பிடிக்கும் ஸ்பிரிங்கூட ஓரிரு ஆண்டுகளில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பதால் இதில் வியப்பில்லை.

இந்த மோட்டாரைக் காப்பாற்ற முடியுமா? முடிந்தால், இதற்குள் டிசிசி (தண்டவாளம் வழியாகக் கட்டளை அனுப்பி ரயிலை ஓட்டும் டிஜிட்டல் முறை) டிகோடர், அதாவது அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு பலகை, பொருத்தி, செல்போனிலிருந்து ஓட்டும்படி செய்யவும், முன்னால் எல்இடி விளக்கு வைக்கவும் ஆசை. சால்டரிங் எனக்குத் தெரியும். ரயில் மாடல்களைப் பற்றித் தெரியாது.

மண்டபம் சிக்னல்

தம்பி, முதலில் அந்தப் பவர் பேக்கை மறுபடி செருகாமல் ஓரமாக எடுத்து வையுங்கள். அக்காலத்துப் பவர் பேக்குகள் பலவற்றில் ஏசியை டிசியாக்கச் செலினியம் தகடுகளால் ஆன ரெக்டிஃபயர் இருக்கும். அது பழுதாகிச் சூடேறும்போது வரும் வாடையைத்தான் நீங்கள் முகர்ந்திருக்கிறீர்கள், அந்தப் புகை நச்சுத்தன்மை கொண்டது. அதன் ரப்பர் உறைக் கம்பியும் இந்நேரம் வெடித்திருக்கும். நினைவுப்பொருளாக அது பெட்டியில் இருக்கட்டும். ஓட்டுவதற்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரே போதும்.

ட்ரையாங் ஹார்ன்பி என்ற இணைப்புப் பெயர் 1965 முதல் 1972 வரைதான் வழக்கில் இருந்தது. அதன்பின் ஹார்ன்பி ரயில்வேஸ் ஆயிற்று. எனவே உங்கள் என்ஜினின் காலம் அதற்குள் அடங்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் எக்ஸ்04 என்ற திறந்த மோட்டார்தான். அதைக் காப்பாற்ற முடியும். அது முழுவதும் பிரித்துப் பூட்டும்படி செய்யப்பட்டது. இன்று பொம்மைகளில் வரும் மூடிய மோட்டாரில் அந்த வசதி கிடையாது. ஆனால் காந்தத்தை மட்டும் கழற்றாதீர்கள். காந்தத்தை அதன் இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்தால் அதன் வலிமை குறையும். வலிமை குறைந்த காந்தத்தோடு ஓடும் மோட்டார் அதே சுமையை இழுக்க அதிகக் கரண்ட் எடுத்துச் சூடேறும்.

பிரஷ்களை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிரஷ்களை வெளியே எடுங்கள். கம்யூட்டேட்டர் என்கிற அந்தச் செப்பு உருளை மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்கும். துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவில் கார்பன் தூளும் களிம்பும் சேர்ந்து அடைத்திருக்கும். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த பஞ்சால் உருளையைத் துடைத்து, பல்குத்தும் குச்சியால் பிளவுகளைச் சுத்தம் செய்யுங்கள். எமரித் தாள் வேண்டாம், அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும்.

அடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கம்யூட்டேட்டரின் முதல் துண்டுக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்கவேண்டும். தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் ஐயம் வந்தது இங்கேதான். டிகோடரைப் பற்றிய பேச்சு அந்த அளவுகள் வந்த பிறகுதான்.

ராமேஸ்வரம் தண்டவாளம்

ஒரே ஒரு என்ஜினுக்காக டிசிசி தேவையா என்று யோசியுங்கள் நண்பரே. ஒரே தண்டவாளத்தில் பல என்ஜின்களைத் தனித்தனி வேகத்தில், தனித்தனித் திசையில் ஓட்டுவதற்காக வந்த முறை அது. ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு முகவரி கொடுத்து, தண்டவாளம் வழியாகவே அதற்குக் கட்டளை அனுப்புகிறார்கள். உங்களிடம் இருப்பது ஒரு என்ஜின். 12 வோல்ட் அடாப்டரோடு ஒரு பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையையும் திசை மாற்ற ஒரு ஸ்விட்சையும் சேர்த்தால் வேலை முடிந்தது. வாப்பா அனுப்பிய பொருளில் ஒரு கம்பியைக்கூட வெட்டவேண்டாம். டிகோடர், கட்டளைகளை அனுப்பும் கட்டளை நிலையம் என்று நீங்கள் செலவிடப்போகும் தொகைக்கு இன்னொரு என்ஜினே வாங்கிவிடலாம்.

இரும்புத் தண்டவாளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். இந்தக் கரையில் இன்று தேய்த்தால் அடுத்த வாரம் மீண்டும் துரு ஏறும். நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்குங்கள். ஆனால் கோட் 100 என்ற உயரமான வகையைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது, கோட் 75 தண்டவாளத்தில் அது ஸ்லீப்பரின் பிடிப்புகளில் இடித்துத் தடதடக்கும்.

தொண்டி மொபைல் சர்வீஸ்

மோட்டார் அண்ணன்மார்களின் துறை. எலக்ட்ரானிக்ஸ் பலகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கறியுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையோரத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், அந்த அளவு அன்றாடம் தாண்டுகிறது. ஆகவே பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு இரவெல்லாம் உப்புநீராகவே இருக்கும். மின்சாரம் பாயும் இரு முனைகளுக்கு இடையில் அது இருந்தால் செம்பைத் தின்றுவிடும். என் மேசைக்கு வரும் போன்களில் சார்ஜிங் முனை பச்சையாவது இதனால்தான். மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை ஆராய ஒரு கிளையே வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிகோடர் போடுவதாக இருந்தால், சால்டரிங் முடிந்ததும் ஐபிஏவால் பிளக்ஸ் கறையை முழுவதும் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பலகையின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் என்ற மெல்லிய பூச்சை அடியுங்கள். கழுவாமல் பூசினால் உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள். ரோசின் பிளக்ஸ் மட்டுமே பயன்படுத்துங்கள். தகரம் பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

கீழக்கரைவாசி

மூவருக்கும் நன்றி. மண்டபம் ஐயா சொன்னபடி சுத்தம் செய்து அளந்தேன். ஒரு ஜோடிக்கு 12 ஓம், இன்னொரு ஜோடிக்கும் 12 ஓம், மூன்றாவது ஜோடிக்கு 24 ஓம் காட்டுகிறது. அந்த 24 ஓம் சுருள்தான் கெட்டுப்போனதா? ராமேஸ்வரம் நண்பர் சொல்வது நியாயமே. என்றாலும் என் மகன் போனில் ஓட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

மண்டபம் சிக்னல்

நீங்கள் தந்த எண்கள் நோயை அப்படியே காட்டிவிட்டன. மூன்று சுருள்களும் முக்கோணமாக இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் 12 ஓம் என்று வைத்துக்கொண்டால், நல்ல நிலையில் எந்த இரு துண்டுகளுக்கு இடையிலும் ஒரு சுருளும், அதற்கு இணையாக மற்ற இரண்டும் சேர்ந்து, 8 ஓம்தான் வரவேண்டும். ஒரு சுருள் அறுந்தால் அதன் இரு முனைகளுக்கு இடையே மற்ற இரண்டு சுருள்கள் மட்டும் வரிசையாக நின்று 24 காட்டும், மீதி இரு ஜோடிகளும் 12 காட்டும். ஆகவே 24 காட்டும் துண்டுகளுக்கு நடுவிலுள்ள சுருள் அறுந்திருக்கிறது. மோட்டார் அந்த இடத்தில் நின்றுவிட்டால் தானாகக் கிளம்பாது, தள்ளினால் ஓடும். பொறி பறப்பதும் அங்கேதான்.

இதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் சுருள் நடுவில் அறுவதில்லை. கம்யூட்டேட்டரின் காதில் கம்பி பற்றவைக்கப்பட்ட இடத்தில்தான் களிம்பு தின்று விடுபடும். பூதக்கண்ணாடியில் அந்த இரு காதுகளையும் பாருங்கள். மயிரிழை போன்ற கம்பியின் நுனி பச்சையாக, தொட்டால் அசைவதாகத் தெரியும். நுனியின் எனாமலை மெதுவாகச் சுரண்டி, ரோசின் பிளக்ஸ் வைத்து, சூடான முனையால் ஒரே தொடலில் பற்றவைத்துவிட்டு மறுபடி அளந்தால் மூன்றும் 8 ஆக வரவேண்டும். வராவிட்டால், சுருள்கள் சுற்றிய சுழலும் பகுதியான ஆர்மேச்சரையே மாற்றவேண்டும். பழையது ஏலத் தளங்களில் கிடைக்கிறது. தாங்கிகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயை விடாதீர்கள், அது நாளடைவில் பிசினாகிவிடும்.

டிகோடருக்கு வருவோம். 12 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 1.5 ஆம்பியர், மோட்டார் இறுகி நின்றுவிட்டால் எடுக்கும் கரண்ட் அதுதான், பிரஷ் எதிர்ப்பால் சற்றுக் குறையலாம். எனவே 1 ஆம்பியர் தாங்கும் சிறிய டிகோடர் ஒரு சிறு தடங்கலிலேயே எரிந்துவிடும், தொடர்ந்து 1.5 ஆம்பியரும் சிறிது நேரம் 2 ஆம்பியரும் தாங்கும் ஒன்றை வாங்குங்கள். டெண்டரில் இடம் தாராளமாக இருக்கிறது.

பொருத்துவதற்கு முன் ஒரு வேலையைத் தவிர்க்கவே முடியாது. இந்த மோட்டாரில் பிரஷ் ஸ்பிரிங்கின் ஒரு கைக்கு மட்டும் சிறு இன்சுலேஷன் குழாய் இருக்கும். மற்றக் கை வழியாக மின்சாரம் மோட்டாரின் உடலுக்குச் சென்று, அங்கிருந்து ஒரு பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. பழைய டிசி முறையில் இது சரிதான்; டிசிசியில் தண்டவாள மின்சாரம் மோட்டாரை நேராகத் தொட்டால் டிகோடர் அந்தக் கணமே போய்விடும். மற்றக் கைக்கும் ஒரு குழாயை மாட்டி, இரு பிரஷ்களிலிருந்தும் தனித்தனிக் கம்பி எடுத்து, பிரஷுக்கும் உடலுக்கும் இடையே மீட்டரில் எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ராமேஸ்வரம் நண்பரின் கவலைக்கும் இதுவே விடை: குழாயை உருவிவிட்டால் என்ஜின் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், எதையும் வெட்டவில்லை.

சிவப்புக் கம்பி வலத் தண்டவாளத்திலிருந்து வரும் பக்கத்துக்கு, கறுப்புக் கம்பி இடப்பக்கத் தண்டவாளத்திலிருந்து வரும் பக்கத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் இரு பிரஷ்களுக்கு. மோட்டாரின் குறுக்கே இரைச்சலைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது டிகோடரின் வேகக் கட்டுப்பாட்டைக் குழப்பும். எல்இடியின் பாசிட்டிவ் முனை நீலக் கம்பிக்கு. மறுமுனை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வெள்ளைக் கம்பிக்கு. உங்களுடையது பிரிட்டிஷ் என்ஜினின் மாடலாக இருந்தால் அசலில் எண்ணெய் விளக்குதான் தொங்கியிருக்கும் என்று சொல்லும் பிடிவாதக்காரர்கள் உண்டு. பையன் மகிழ்ந்தால் சரி.

போனிலிருந்து ஓட்ட, கட்டளை நிலையமாக ஆர்டுயினோ மெகா என்ற நிரல் ஏற்றும் பலகையும் அதன் மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டும் வாங்கி டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். அதோடு ஒரு வைஃபை பலகையைச் சேர்த்தால் ஆண்ட்ராய்டு செயலியிலிருந்து ஓட்டலாம். சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவிட்டால் கூரியரில் வந்துவிடும். முதல் மின்சாரத்தை நிரலேற்றத் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைக்கும் துண்டு) கொடுங்கள். அதில் கரண்ட் வரம்புக்குட்பட்டதால் இணைப்பில் பிழை இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. புதிய டிகோடரின் முகவரி 3 ஆக இருக்கும். அந்த எண்ணை டிகோடர் படித்துச் சொன்னால் இணைப்பு சரி. படிக்கவில்லையென்றால் முதலில் பிரஷ் குழாயைத்தான் பாருங்கள்.

ராமேஸ்வரம் தண்டவாளம்

குழாயை உருவினால் பழைய நிலை என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஒன்று மட்டும்: டிகோடர் பொருத்தும்வரை இந்த என்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைக்காதீர்கள். முகவரி 0 கொடுத்து டிகோடர் இல்லாத என்ஜினையும் ஓட்டலாம் என்று எங்காவது படிப்பீர்கள். சில கருவிகளில் அது ஓடவும் ஓடும், ஆனால் நிற்கும்போதும் மோட்டாருக்குள் ஏசி பாய்ந்துகொண்டே இருப்பதால் இப்போது பற்றவைக்கப்போகும் அந்தச் சுருளைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.