பழைய புல்லட்டுக்கு வீட்டிலேயே டேப்பட் செட்டிங்

என்னிடம் இருப்பது சித்தப்பா ஓட்டிய 350 புல்லட். வார்ப்பிரும்பு என்ஜின், வலது காலில் கியர், பாயின்ட் இக்னிஷன் (பாயின்ட் என்பது தீப்பொறிக்கான மின் சுவிட்ச்) என்று திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த கோலத்திலேயே இன்னும் இருக்கிறது. ஒருமுறை ஹெட் வேலைக்காகப் பட்டறையில் விட்டு எடுத்தபோது வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. “டேப்பட் சத்தமே இல்லாமப் பண்ணியிருக்கேண்ணே, கேட்டுப் பாருங்க” என்றார் மெக்கானிக். எனக்கும் சந்தோஷம்தான். (டேப்பட் என்பது கேம் என்கிற சுழலும் மேட்டின் மேல் நிற்கிற சின்னத் தண்டு. கேம் அதைத் தூக்கும், அது புஷ் ராடைத் தூக்கி வால்வைத் திறக்கவைக்கும்.)

சந்தோஷம் சிக்னல் வரைக்கும்தான். வண்டி சூடானதும் ஐட்லிங் பிடிக்காது, அணைந்துவிடும். சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப உதைத்தால் கிக்கர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், கம்ப்ரஷன் என்று ஒன்று இருக்கிற அடையாளமே இருக்காது. கார்புரேட்டர் என்றார் ஒருவர், காயில் என்றார் இன்னொருவர். எதையும் மாற்றுவதற்கு முன், ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் டேப்பட் கவரைத் திறந்து பார்த்தேன். முன்பக்கத்துப் புஷ் ராடு, அதாவது எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கான ராடு, விரலால் சுற்றினால் அசையவே இல்லை. இறுக்கிச் சத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

இதில் என்ன கெடுதி என்றால், ராடு இறுகியிருந்தால் வால்வ் சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்காரவே விடாவிட்டால் சூடு போக வழியில்லை, எரியும் வாயுவும் அந்த இடுக்கு வழியாகவே பீறிடும். கொஞ்ச நாளில் வால்வ் விளிம்பு கருகிவிடும். லூசான டேப்பட் சத்தம் போட்டு ஊரையே கூப்பிடும். அதையும் அப்படியே விட்டு ஓட்டினால் கேமும் டேப்பட் அடிப்பாகமும் அடி வாங்கும்தான், ஆனால் அது மெல்ல நடக்கும், காதுக்கும் தெரியும். இறுகிய டேப்பட் சத்தமில்லாமல் வால்வைத் தின்றுவிடும். பழைய புல்லட்டில் லேசான டிக் டிக் இருப்பது நல்ல சகுனம் என்றே நான் சொல்வேன்.

சரி, செய்கிற முறை. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. ஓட்டி வந்த கையோடு கவரைத் திறந்தால் ஆயிலும் வழியும். எப்போது திறந்தாலும் கீழே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்முனைக்கு, அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கப் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்துக்கு, கொண்டுவர வேண்டும். இதற்குப் புல்லட்டே ஒரு வசதி வைத்திருக்கிறது: பேட்டரிக்கு மின்சாரம் போவதையும் வருவதையும் காட்டும் அம்மீட்டர். சாவியைப் போட்டுக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திக்கொண்டே முள்ளைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பாயின்ட் கம்ப்ரஷனில் மட்டும்தான் திறக்கும். ஆகவே முள் நடுவுக்கு வந்த இடத்திலிருந்து இன்னும் துளி நகர்த்தினால் மேல்முனை. அப்புறம் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் வீணாகச் சூடாகும். பிளக் ஓட்டையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டாம். ஓட்டை சாய்வாக இருப்பதால் அது மாட்டிக்கொண்டு பிஸ்டனைக் கீறிவிடும்.

சந்தேகம் இருந்தால் கிக்கரை இன்னும் துளி அழுத்திப் பாருங்கள். ராடுகள் ஏறி இறங்கினால் நீங்கள் நிற்பது தப்பான மேல்முனை, எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கிற இடம். இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு, வேண்டாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரிடம் இருப்பது ஜப்பானிய வகை என்ஜின், கேம் மேலே ஹெட்டில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கேஜ் இல்லாமல் முடியாது. இந்தப் புல்லட்டில் ஆறிய என்ஜினுக்கு இடைவெளி சுழி. பேரலும் ஹெட்டும் சூட்டில் வளர்கின்றன, அலுமினியப் புஷ் ராடும் வால்வ் தண்டும் கூடவே வளர்கின்றன, கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. ஆகவே விரல்தான் கேஜ். ராடு இரண்டு விரலில் தடையின்றிச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் ராட்டை மட்டும் நான் ஒரு மயிரிழை தாராளமாக விடுவேன், அந்த வால்வ்தான் அதிகம் சூடாகிறது என்பதால்.

ஸ்பேனர் வைக்கிற இடம்தான் புதிதாகச் செய்பவரைக் குழப்பும். கீழே டேப்பட் தண்டு, நடுவில் லாக் நட், மேலே அட்ஜஸ்டர், மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கும். தடித்த ஸ்பேனர் உள்ளே போகாது, தட்டையான டேப்பட் ஸ்பேனர்தான் வேண்டும். கீழே ஒன்றால் பிடித்துக்கொண்டு லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பி, திரும்ப இறுக்கும்போது செட்டிங் லேசாக நகரும். முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறுக்கி முடித்தபின் மறுபடியும் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ராடு அரைச் சுற்று இலகுவாகவும் அடுத்த அரைச் சுற்று இறுக்கமாகவும் இருந்தால் அது வளைந்திருக்கிறது. அட்ஜஸ்ட்மென்டில் சரியாகாது, வேறு ராடு போடுங்கள்.

பக்கத்துத் தெருக்காரர் வண்டியில் பார்த்த கதை வேறு மாதிரி. டேப்பட்டைத் தளர்த்தத் தளர்த்த எக்ஸாஸ்ட் வால்வ் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. காரணம் டீகம்ப்ரஷர் கேபிள், கிக் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வைத் துளி திறந்து கம்ப்ரஷனைக் குறைக்கிற ஏற்பாட்டின் கேபிள். அதில் தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள், அதன் லீவர் எக்ஸாஸ்ட் டேப்பட்டை எப்போதும் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தது. அதனால் டேப்பட்டில் கைவைக்கும் முன் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய யெஸ்டி பைக் வைத்திருக்கும் ஒரு தம்பி “என் வண்டிக்கும் டேப்பட் பார்த்துக் கொடுங்கண்ணே” என்று வந்தான். இப்படித் தூக்குகிற வால்வே இல்லாத டூ ஸ்ட்ரோக்கில் டேப்பட்டை எங்கே தேடுவது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

என் வண்டிக்கு வால்வ் தப்பித்தது, செட்டிங் சரியானதும் கம்ப்ரஷன் திரும்பியது. 2009 வாக்கில் வந்த யூசிஇ (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும்) என்ஜினில், இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட், அந்த வண்டிக்காரர்களுக்கு இந்த வேலை இல்லை. கடைசியாக, டேப்பட் கவரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட். ஆயில் ஒழுகுகிறதே என்று அதை முறுக்கிக்கொண்டே போனால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, கை நிற்கிற அளவோடு விட்டுவிடுங்கள்.