எங்கட வீட்டாக்கள்: சனிக்கிழமை வான்

வெள்ளவத்தை மாமி: எல்லாரும் பாருங்கோ. கனடாவால வாறவைக்குக் கொழும்பில சனி ஒருநாள்தான். ஞாயிறு விடிய யாழ்ப்பாணம். எங்க எங்க போறது?

அண்ணா: தாமரைக் கோபுரம்

தங்கச்சி: ஓம் ஓம் 🙌

சின்ன மாமா: கோபுரம் எங்கயும் ஓடாது. முதல் கொச்சிக்கடைச் சிவன் கோயில். தகப்பன் கட்டின கோயிலைச் சேர் பொன். இராமநாதன் 1907இல தொடங்கி முழுக்கக் கருங்கல்லால திருப்பிக் கட்டினவர். வெயில் ஏறின நேரம் உள்ள போய்த் தூணில கை வைச்சுப் பாருங்கோ, குளிரும்.

கனடா சித்தி: சின்னண்ணா எனக்கு முழங்கால் ஏலாது

வெள்ளவத்தை மாமி: கோயில் எண்டால் எட்டரைக்கு வெளிக்கிடவேணும். போனமுறை மாதிரி நடை சாத்தினாப் பிறகு போய் நிக்கேலாது

சின்ன மாமா: போனமுறை ஆரால பிந்தினது?

அண்ணா: தொடங்கீட்டினம் 😂

கனடா சித்தி: கோயிலடியில இருந்து செட்டியார் தெரு கிட்டத்தானே? சங்கிலிக் கொழுவி உடைஞ்சுபோச்சு. மச்சாள், அம்மான்ர பதக்கமும் உங்களிட்டத்தானே?

வெள்ளவத்தை மாமி: அதைப்பற்றி நேரில கதைப்பம்

சின்ன மாமா: பதக்கத்தை விடுங்கோ. நூதனசாலைக்குக் கட்டாயம் போகவேணும். 1877இல திறந்தது. அதுக்குள்ள காலிக் கல்வெட்டு நிக்குது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுக் கல். ஒரே கல்லில சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில புத்தருக்குக் காணிக்கை, தமிழில தெய்வேந்திரமுனைக் கடவுள் தெனவரை நாயினாருக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எண்டு என்ன குடுத்ததெண்டும் வெட்டியிருக்கு. 1911இல காலியில மதகு மூடின கல்லாக் கிடந்து எடுத்தது!

தங்கச்சி: மதகுக் கல்லோ?? எழுத்துத் தெரியுமோ மாமா

சின்ன மாமா: தேஞ்சுபோச்சு. ஆனா நேர நிண்டு பாராதை, பக்கவாட்டில நில். வெளிச்சம் சரிஞ்சு விழ ஒவ்வொரு எழுத்தா எழும்பும். 600 வருசத்துக்கு முதல் கடல் தாண்டி வந்தவன், இஞ்ச தமிழிலயும் எழுதவேணும் எண்டு நினைச்சிருக்கிறான். எங்கட பிள்ளையள் அதைப் பாராமல் திரும்பிப் போகக்கூடாது.

கனடா சித்தி: என்ர ரெண்டுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது சின்னண்ணா

சின்ன மாமா: நான் காட்டிக் குடுக்கிறன். ‘நா’ எழுத்தில தொடங்குவம்

தங்கச்சி: நானும் வாறன்

அண்ணா: பின்னேரம் காலிமுகத்திடல், இறால் வடை. இதில ஆருக்கும் பிரச்சினை இல்லைத்தானே

வெள்ளவத்தை மாமி: எனக்குச் சனி விரதம்

அண்ணா: அப்ப கோபுரம்?

வெள்ளவத்தை மாமி: நேரம் இருந்தால் பாப்பம். வான் 14 சீற். அம்மம்மாவைக் கேட்டனீங்களோ?

தங்கச்சி: இப்ப கேட்டனான். கடற்கரைக்கு மட்டும் வாறாவாம். அம்மப்பாவோட முதல்முதல் கொழும்புக்கு வந்தநேரம் இருந்த இடமாம்

கனடா சித்தி: அப்பான்ர ஆசையும் அதுதான். பின்னேரம் அம்மாவைக் கூட்டிவர ஆர் போறது?

அண்ணா: 👀

வெள்ளவத்தை மாமி: எட்டரை. திருப்பிச் சொல்லுறன், எட்டரை.